காரணம் எழுதாமல் கத்தரி வைக்காதீர்கள்: மதத்தைத் தொடும் நகைச்சுவையை ஒளிபரப்புக்கு முன் பார்ப்பது எப்படி?

திரைப்படத்துக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியை முன்கூட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க இந்தியாவில் அப்படி ஓர் அரசு வாரியம் கிடையாது. ஒளிபரப்புகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய சேனல்களில் இதற்கென்று வழக்கறிஞர்கள், தனிப் பிரிவு எல்லாம் உண்டு. சிறிய ஊர்ச் சேனலில் இது யாராவது ஒருவர் தலையில்தான் விழும். இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கேபிள் சேனலில் அந்த ஒருவர் நான். இதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் கேமரா இராமேசுவரம் ஆடித் திருக்கல்யாணத்துக்குப் போகிறது. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும், தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கும் அதே கேமராதான் போகிறது. இந்தக் கரையில் படகின் பெயரில் சாமி இருக்கிறது. கடன் வாங்கும்போது செய்யும் சத்தியத்தில் சாமி இருக்கிறது. மதத்தைத் தொடாமல் நகைச்சுவை எழுதிக் கொண்டு வா என்று இங்கே ஒரு பையனிடம் சொன்னால், அவன் தன் தெருவையே விட்டுவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். ஆகவே மதம் என்றாலே வெட்டு என்ற வழக்கம் நமக்கு உதவாது. சிரிப்பு வந்தால் விட்டுவிடு என்பதும் உதவாது. யாருக்கு, எதனால் காயம் என்று ஒரு வரியில் எழுத முடிந்தால் வெட்டுங்கள். எழுத வரவில்லை என்றால் கை வைக்காதீர்கள். அந்த ஒரு வரியை எழுதுவதற்கான வழிகளைத்தான் கீழே சொல்கிறேன்.

விதியை முழுதாகப் படியுங்கள்

கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் 1995-இல் வந்தது. அதற்கு முன் இருந்த அவசரச் சட்டத்தின் கீழ் வந்ததால், அதற்கான விதிகள் 1994 என்ற ஆண்டைத் தாங்கியவை. அந்த விதிகளில் 6-ஆவதுதான் நிகழ்ச்சி நெறிமுறை. எதை ஒளிபரப்பக் கூடாது என்ற பட்டியல் அதில் இருக்கிறது. அதில் (சி) என்ற பிரிவு எல்லாருக்கும் தெரியும்: மதங்களையோ சமூகங்களையோ தாக்குவது, மதக் குழுக்களை இழிவுபடுத்தும் காட்சி அல்லது சொல், வகுப்புவாத மனப்போக்கை வளர்ப்பது ஆகியவை கூடாது. பலர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே பட்டியலில் (ஜே) என்று ஒரு பிரிவு இருக்கிறது: மூடநம்பிக்கையை ஊக்குவிப்பதும் கூடாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விதியின் முழு முகம் தெரியும். பரிகாரம் என்ற பெயரில் பணம் பறிக்கிறவனைக் கிண்டல் செய்யும் நாடகம் இந்த விதிக்கு நெருங்கிய சொந்தம். காலையில் ராசிக்கல் விற்கும் அரை மணி நேரக் கட்டண நிகழ்ச்சிதான் விதியிலிருந்து தள்ளி நிற்கிறது. ஆனால் அதில் எவரும் கத்தரி வைப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

(எம்) என்ற பிரிவையும் மறக்காதீர்கள். இன, மொழி, வட்டாரக் குழுக்களை ஏளனமாகவும் மேட்டிமையோடும் காட்டுவதை அது தடுக்கிறது. நம் பக்கத்தில் இது அதிகம் தேவைப்படும். கீழக்கரைக் குடும்பத்துக் கதையில் பிள்ளை அப்பாவை 'வாப்பா' என்று கூப்பிடுவது இயல்பு. அந்தச் சொல்லைத் தவிர வேறு நகைச்சுவையே இல்லாமல், வெளியூர் நடிகர் அதை இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரிப்பு வரவழைக்கப் பார்த்தால், என் நோட்டில் அது வெட்டு.

ஒரு முறை ஒலியில்லாமல் பாருங்கள்

விதி 'காட்சி அல்லது சொல்' என்கிறது. நாம் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். ஸ்கிரிப்டை முதலில் வாய்விட்டுப் படியுங்கள். எடிட் முடிந்த பிறகு ஒரு முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் தலையில் தொப்பி, யார் நெற்றியில் திருநீறு, யார் கழுத்தில் சிலுவை, அவர்கள் மட்டும் ஏன் முட்டாளாகவோ திருடனாகவோ வருகிறார்கள் என்பது வசனம் இல்லாதபோதுதான் பளிச்சென்று தெரியும். பிறகு ஒலியோடு பார்த்து நோட்டில் எழுதுங்கள்: நிமிடமும் நொடியும், வசனம் அல்லது காட்சி, சிரிப்பு யார் மேல் விழுகிறது, முடிவு, காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களை வைத்து எங்கள் குழு ஒரு நாடகம் செய்தது. அவசரத்தில் இருக்கும் யாத்ரீகர் குடும்பத்தை ஒரு புரோக்கர் மடக்குகிறான். "இருபத்திரண்டு கிணறும் சுற்ற நேரமில்லையா அண்ணே? எல்லாத் தீர்த்தத்தையும் ஒரே குடத்தில் கலந்து வைத்திருக்கிறேன். பாவம் மொத்தமாகப் போய்விடும். ரசீது மட்டும் தனித்தனியாகத் தருவேன்" என்கிறான். நல்ல வசனம். சிரிப்பு முழுவதும் புரோக்கர் மேல் விழுகிறது. தீர்த்தத்தை மதிக்கிறவர்களுக்குத்தான் அவன் மேல் கோபம் அதிகம். அவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள்.

அடுத்த காட்சியில் குடும்பத்துப் பாட்டி கண்ணை மூடிக் கை கூப்பி நிற்கிறார். தலையில் குடத்துத் தண்ணீர் விழுகிறது. உடம்பு நடுங்குகிறது, உதடு ஏதோ மந்திரத்தை முணுமுணுக்கிறது. கேமரா அந்த முகத்துக்கு மிக அருகில் போய் நிற்கிறது. எடிட்டிங்கில் அங்கே சிரிப்பொலி ஒட்டப்பட்டிருந்தது. நாடகம் முழுவதிலும் நான் கை வைத்த இடம் அது ஒன்றுதான். நோட்டில் எழுதியது இது: "பாட்டி முகம், சிரிப்பொலி. சிரிப்பு ஏமாற்றுகிறவனை விட்டு வேண்டிக்கொள்கிறவர் மேல் விழுகிறது. ஒலியை எடுக்கவும். முகத்துக்குப் பதில் தள்ளி நின்று எடுத்த காட்சி, பின்னால் புரோக்கர் பணம் எண்ணுவது தெரியட்டும்." ஒரு வசனம்கூடப் போகவில்லை. நாடகம் முன்பைவிடக் கூர்மையானது. சிரிப்பொலி எந்த முகத்தின் மேல் ஒட்டப்படுகிறது என்று பார்ப்பதை இந்த வேலையின் முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மதத்துக்காரரிடம் படித்துக் காட்டுங்கள், சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

பாம்பன் பையன் ஒருவன் எழுதிக் கொண்டுவந்த நாடகம். காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருபவர் அந்தோணியார் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஒரு மீனவர் வலையும் படகும் போன துக்கத்தில் அவரை வேண்டிக்கொண்டு தூங்குகிறார். கனவில் அந்தோணியார் வருகிறார்: "தொலைந்ததைத் தேடித் தருவது என் வேலை. பிடித்துக்கொண்டு போனதற்கு நான் என்ன செய்ய? கொழும்புக்கு மனு எழுது."

புனிதரைக் கனவில் பேச வைப்பது ஆபத்து, எடுத்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். யாருக்குக் காயம் என்ற வரியை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அந்தோணியார் அதில் சிறுமைப்படவில்லை. படகு போன மனிதனின் அலைச்சல்தான் அங்கே பேசுகிறது. கோயில் பாடகர் குழுவில் இருக்கும் ஓர் அக்காவிடம் படித்துக் காட்டினோம். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "அங்கி பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். நீங்கள் வெள்ளை கொடுத்திருக்கிறீர்கள்." அந்தோணியார் பிரான்சிஸ்கன் சபைத் துறவி, அவர்கள் அங்கி பழுப்புதான். நம்புகிறவர்கள் நகைச்சுவையில் எதைக் கவனிக்கிறார்கள் என்பதை வெளியே இருந்து ஊகிக்க முடியாது.

இந்த நாடகத்தில் உண்மையில் யோசிக்க வேண்டியிருந்த பிரிவு வேறு. விதி 6-இன் (பி) பிரிவு நட்பு நாடுகளை விமர்சிப்பதைத் தடுக்கிறது. மதத்தைப் பார்த்து அஞ்சிக்கொண்டிருந்தவர் எவரும் அதைக் கவனிக்கவில்லை. மனு எழுதச் சொல்வது ஒரு நாட்டைத் தாக்குவது ஆகாது என்று காரணம் எழுதி, வசனத்தை அப்படியே விட்டேன்.

படித்துக் காட்டுவதற்கு இரண்டு மூன்று பேர் போதும். ஒரே குடும்பத்தில், ஒரே சங்கத்தில் பிடிக்காதீர்கள். பெண்களைக் கட்டாயம் கேளுங்கள். நம் ஊர்களில் சங்கத்தின் பெயரால் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். சம்பந்தப்பட்டவரின் அனுமதி இருந்தால்தான் ஒளிபரப்புவோம் என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அடுத்த முறை அனுமதி கொடுக்க நான்கு பேர் வருவார்கள், நான்கு பேரும் வேறு வேறு சொல்வார்கள்.

மூன்று மதத்துக்கும் ஆளுக்கொரு கிண்டல் என்று கணக்குப் போட்டு எழுதச் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஜமாஅத் கூட்டம் நடக்கும் விதத்தைப் பெரியபட்டினத்துப் பையன் எழுதினால் அதில் உயிர் இருக்கும். சமநிலைக்காக வேறொருவரை வைத்து எழுதி வாங்கிய பகுதியில்தான் தவறான உடையும், தவறான சொல்லும், எங்கோ கேட்ட பழைய வசையும் வந்து விழுகின்றன.

சட்டம் கேட்காத ஒரு வெட்டு

தமிழ் நகைச்சுவையில் பைத்தியம் என்று சொல்வதற்குப் பதிலாக 'ஏர்வாடிக்கு அனுப்ப வேண்டியதுதான்' என்பார்கள். வெளியூர்க்காரர்கள் எழுதும் ஸ்கிரிப்டில் இது தவறாமல் வரும். நான் எப்போதும் எடுத்துவிடுகிறேன். தர்கா இருக்கும் அந்த ஊரில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் அந்த ஊர்ப் பெயரை வசையாகச் சொல்லிச் சிரிக்க எனக்கு மனம் வராது. நோயாளியையும், அவரை அழைத்துக்கொண்டு ஏதாவது ஒரு வாசலில் குணம் கிடைக்காதா என்று அலையும் தாயையும் அந்த வசனம் ஒரே நேரத்தில் அடிக்கிறது. காரண வரி இங்கே தானாக வந்து விழுகிறது.

வழக்குப் பயத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்

மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 295ஏ பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 1927-இல் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆவது பிரிவாக இருக்கிறது; மூன்று ஆண்டு வரை சிறை. அந்தப் பிரிவில் 'வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு' என்ற நிபந்தனை இருக்கிறது. 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. அப்படிச் சொன்னபோதே அந்த நிபந்தனையை அடிக்கோடிட்டது. கிரிக்கெட் வீரர் தோனியை விஷ்ணு உருவில் காட்டிய பத்திரிகை அட்டைக்காகத் தொடரப்பட்ட வழக்கை 2017-இல் அதே காரணத்தால் ரத்து செய்தது. வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், வழக்குப் பதிவதற்கு முன் முதல்கட்ட விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. பேச்சு தொடர்பான வழக்குகளில் போலீஸ் அதைப் பயன்படுத்துவது பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லியிருக்கிறது.

இவ்வளவு பாதுகாப்பு காகிதத்தில் இருந்தும் கைது நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குர்மீத் ராம் ரஹீம் சிங் என்ற சாமியாரைப் போல நடித்துக் காட்டியதற்காக நகைச்சுவை நடிகர் கிக்கு சார்தாவை 2016 ஜனவரியில் ஹரியானா போலீஸ் இந்தப் பிரிவில் கைது செய்தது. ஜாமீன் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சாமியார் பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. பக்தியின் பெயரால் அதிகாரம் செய்கிறவர்களைப் பற்றிய கிண்டலை நான் கடைசி வரை காப்பாற்றப் பார்ப்பது இதனால்தான்.

பத்துப் பேர் திரண்டு வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் தீர்ப்பு இருக்கிறது. 1989-இல், ஒரு தமிழ்த் திரைப்படம் தொடர்பான எஸ். ரங்கராஜன் வழக்கில், போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை அடக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, தூர்தர்ஷனின் 'தமஸ்' தொடரைத் தடுக்கக் கோரிய வழக்கில், ஒரு படைப்பை நியாயமும் மன உறுதியும் உள்ளவரின் கண்ணால் அளக்க வேண்டும், எங்கும் ஆபத்தை மோப்பம் பிடிக்கிறவரின் கண்ணால் அளக்கக் கூடாது என்றது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்து 1954-இல் கொண்டுவரப்பட்ட நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்று அறிவித்தது. இந்த மூன்று தீர்ப்புகளையும் ஒரு தாளில் எழுதி எடிட்டிங் அறையில் ஒட்டி வையுங்கள்.

பீப் போடாதீர்கள்

எடுக்க வேண்டியதை எடுங்கள். விட வேண்டியதை விடுங்கள். நடுவழியாகப் பீப் ஒலி வைப்பது இரண்டையும் கெடுக்கும். அமெரிக்காவில் 2010 ஏப்ரலில் 'சவுத் பார்க்' தொடரில் நபிகளின் பெயர் வரும் இடங்களில் எல்லாம் சேனல் பீப் வைத்தது. பயமுறுத்தலைப் பற்றிய இறுதி உரையையும் சேர்த்து மூடியது. அந்த உரையில் நபிகளின் பெயரே இல்லை என்று எழுதியவர்கள் பிறகு தெரிவித்தார்கள். பீப் கேட்கிறவர் தன் மனத்தில் உள்ள மிக மோசமான சொல்லை அங்கே வைத்துக்கொள்வார். மறுநாள் டீக்கடையில் அந்தச் சொல்தான் நாம் ஒளிபரப்பியதாகப் பேசப்படும்.

புரோமோவில் இன்னும் கவனம் வேண்டும். புகார்களில் பெரும்பகுதி நிகழ்ச்சியைப் பார்த்து வருவதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் சில நொடித் துண்டைப் பார்த்து வருகிறது. புரோக்கர் யார் என்று தெரியாமல் குடமும் கிணறும் மட்டும் தெரிந்தால், கோயிலைக் கேலி செய்தார்கள் என்றுதான் போகும். யார் மேல் கிண்டல் என்பது துண்டுக்குள்ளேயே தெரியும்படி புரோமோவை வெட்டுங்கள். சேனல் சின்னமும் நாளும் திரையில் இருக்கட்டும். திருவிழா நேரலை முடிந்த கையோடு அதே மதத்தைத் தொடும் நாடகத்தைப் போடாமல், நடுவே செய்தியோ பாட்டோ வைப்பது மரியாதை.

புகார் வந்தால்

தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சேனலில் ஒரே ஒரு போனுக்கு அஞ்சி ஒரு பகுதியை அழித்துவிட்டார்கள். என்ன ஒளிபரப்பானது என்று பிறகு காட்ட அவர்களிடமே எதுவும் இல்லை. வதந்தி சொன்னதுதான் உண்மையாகிப்போனது. செயற்கைக்கோள் சேனல்கள் ஒளிபரப்பிய பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். ஊர்ச் சேனலும் அதற்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும்.

நேரில் வருகிறவர்களை உட்கார வையுங்கள். முழுப் பகுதியையும் போட்டுக் காட்டுங்கள். எந்த இடம், எதனால் என்று எழுதி வாங்குங்கள். 2021 ஜூனில் வந்த திருத்த விதிகளின்படி, ஒளிபரப்பு நிறுவனம் புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லாதவர் சேனல்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கும், அதற்கு மேல் மத்திய அரசுக்கும் போகலாம். பெரிய சேனல்களுக்கான இந்தக் கால அளவை நாமும் வைத்துக்கொண்டால், நம்மிடம் பேச வருகிறவருக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கிறது.

தடை செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி ஒரு நிகழ்ச்சியை நிறுத்தி ஆணையிடக் கூடியவர்கள் மாவட்ட ஆட்சியர், கோட்ட நிர்வாக நடுவர், மாநகரமாக இருந்தால் காவல் ஆணையர், அல்லது அரசு தனியே அறிவித்த அலுவலர். யாரோ ஒருவர் போனில் சொன்னதை ஆணையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எழுத்தில் கொடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் வந்தால் அன்றே கீழ்ப்படியுங்கள், பிறகு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பதில் கடிதம் எழுத நான் வைத்திருக்கும் மாதிரி இது:

"உங்கள் புகார் கிடைத்தது. முழுப் பகுதியையும் மீண்டும் பார்த்தோம். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு இடங்களில், முதலாவது வழிபடுகிறவரைச் சிறுமைப்படுத்துகிறது என்பதை ஏற்கிறோம். மறு ஒளிபரப்பில் அது இருக்காது. இரண்டாவது, வழிபாட்டின் பெயரால் ஏமாற்றுகிறவரைப் பற்றியது. அது அப்படியே இருக்கும். இந்த முடிவு உங்களுக்கு ஏற்பில்லை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முறையிடலாம்."

வருந்துகிறோம் என்ற சொல்லை, உண்மையில் வருந்தும் இடத்தில் மட்டும் சேருங்கள். கடிதத்தின் நகலை நோட்டில் அந்த நாடகத்தின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மறு ஒளிபரப்பு அட்டவணை போடுகிறவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கோப்பு சர்வருக்குப் போக வேண்டும்.